முறுக்கு இயந்திரமும் நான்கு கையெழுத்தும்: கோலாலம்பூர் குடும்பத் தொழில் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூரில் பலகாரம் செய்து விற்கும் ஒரு தமிழ்க் குடும்பம் 2021 கடைசியில் ஒரு முதலீட்டு முடிவை எடுத்தது. அந்த முடிவு எப்படி வளர்ந்தது, 2023இல் எப்படி நிறுத்தப்பட்டது, அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்கள் இல்லை, சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், தொகைகளையும் முழு எண்ணாக்கியிருக்கிறேன். என்னை ஆலோசகராகக் கூப்பிட்டது 2023 பிப்ரவரியில். அதற்கு முன் நடந்ததெல்லாம் கணக்கேடுகளிலிருந்தும், அவர்களுடைய கூட்டக் குறிப்பேட்டிலிருந்தும், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசியும் தெரிந்துகொண்டது.

பின்னணி

தொழிலைத் தொடங்கியவருக்கு வயது அறுபதுக்கு மேல். தொழிற்கூடத்தில் எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'தான். நானும் அப்படியே எழுதுகிறேன். செந்தூலில் வீட்டு அடுப்பில் ஆரம்பித்த முறுக்கு வியாபாரம், பிறகு மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையாகவும், செகாம்புட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு தொழிற்கூடமாகவும் வளர்ந்தது. கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். அண்ணனின் மகள் கணக்கியல் படித்தவர், பணப் பொறுப்பு அவருடையது. அடுப்படி, ஆரம்பத்திலிருந்து கூடவே இருக்கும் ஓர் அக்காவின் கையில்.

மலேசியாவில் முறுக்கு தீபாவளிக்கு மட்டும் ஓடும் சரக்கில்லை என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எடுத்து வைக்க, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல்களில் முறுக்கு விற்கும். இந்தக் குடும்பத்தின் கைமுறுக்குக்கு மூன்று இனத்திலும் வாடிக்கையாளர்கள் உண்டு. தேங்காய்ப்பால் சேர்த்துப் பிசைந்த மாவு. பிழிந்ததும் பொரித்துவிட வேண்டும். இந்த ஒரு விவரம் பின்னால் பெரிதாக வரும்.

2020 மார்ச் 18இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கடை முடங்கியது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும் ஆர்டர்கள் ஏறின. அதுவரை பார்த்திராத விற்பனை 2021இல் நடந்தது. எடுத்த முடிவுக்குப் பின்னால் இருந்த சூழல் இதுதான்.

2021 இறுதி: முதல் முடிவு

பேரங்காடித் தொடர் ஒன்றின் கொள்முதல் அதிகாரி தேடி வந்தார். பல கிளைகளில் அலமாரி இடம் தருவதாகச் சொன்னார். நிபந்தனைகள் வழக்கமானவைதான்: சரக்கைப் பட்டியலில் சேர்க்க ஒரு கட்டணம், 90 நாள் கடன், சலுகை விற்பனைச் செலவில் பங்கு, உடைந்ததும் தேதி முடிந்ததும் திரும்பி வரும். ஹலால் சான்றிதழும் சுகாதார அமைச்சின் 'மெஸ்தி' என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழும் ஏற்கெனவே இருந்தன. அந்த அளவுக்குக் கையால் பிழிந்து கட்டாது என்பதால், மாவு பிழியும் இயந்திரம், தொடர் பொரிப்பான், பொட்டலம் கட்டும் இயந்திரம் மூன்றும் சேர்த்து 380,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) விலை பேசினார்கள். மூன்று மாதத்தில் ஓடும் என்றார் விற்றவர்.

அந்தக் கூட்டத்துக்கு மகள் எழுதிய குறிப்பு அரைப் பக்கம்தான். அண்ணன் முதலில் பேசினார், "நல்லா வரும்" என்றார். தம்பி ஆமோதித்தார். வேறு பேரங்காடிக்குச் சரக்குப் போட்ட பலகாரக்காரர் யாரிடமாவது கேட்டார்களா என்றால், இல்லை. அக்காவைக் கூட்டத்துக்கே கூப்பிடவில்லை.

2022: சிறு சிறு தொகைகள்

மூன்று மாதம் ஏழு மாதமானது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. 1994இல் உளவியலாளர் ரோஜர் பியூலரும் கூட்டாளிகளும் கனடாவில் பல்கலைக்கழக மாணவர்களிடம், 'ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள்' என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 34 நாள். 'எல்லாமே தப்பாகப் போனால்?' என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 56 நாள். நாம் மோசமான நிலை என்று நினைப்பதுகூட நடப்பதைவிட நல்லதாகவே இருந்துவிடுகிறது. தன் வேலையின் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு படியாக எண்ணுகிறவருக்கு, இதே வேலையைச் செய்த மற்றவர்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

தாமதத்தைவிட அதற்குப் பின் வந்த செலவுகள்தான் கனம். மின்னிணைப்பும் கட்டட வேலையும் 74,000. மாவு சீராக வரவில்லை என்று கலவை இயந்திரம் 46,000. எண்ணெய் சீக்கிரம் கறுக்கிறது என்று வடிகட்டி 38,000. பொட்டலத்தில் முறுக்கு நமத்துப்போகிறது என்று நைட்ரஜன் அடைக்கும் வசதி 52,000. மொத்தம் 590,000 ஆகிவிட்டது. இதில் 300,000 வங்கிக் கடன், 180,000 சேமிப்பு. மீதி 110,000 கடையின் நடப்புப் பணத்திலிருந்து எடுத்தது. 590,000 என்ற தொகையை யாரும் ஒரே கூட்டத்தில் முடிவு செய்யவில்லை. அப்படி ஒரு தொகையை 2021இல் மேசையில் வைத்திருந்தால் அண்ணனே எழுந்து போயிருப்பார். ஒவ்வொரு முறையும் கேள்வி 'இந்த 40,000ஐப் போட்டால் சரியாகிவிடுமா?' என்பதாகவே இருந்தது.

வெளியிலிருந்தும் அடி விழுந்தது. உக்ரைன் போருக்குப் பின் 2022 வசந்த மாதங்களில் கச்சாச் செம்பனை எண்ணெய் (பாமாயில்) டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியது. இந்தோனேசியா ஏப்ரல் கடைசியில் ஏற்றுமதிக்கே தடை போட்டது. மே 1இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியானது. பலகாரத் தொழிலில் எண்ணெயும் கூலியும்தான் பெரிய செலவு. இரண்டும் ஒரே நேரத்தில் ஏறின.

2023 பிப்ரவரி: கண்டவை

என்னைக் கூப்பிட்டது மகள். அண்ணன் புதிதாக ஒரு யோசனை வைத்திருந்தார்: தம்பியோடு கூட்டுப் பெயரில் இருக்கும் கடைவீட்டை அடமானம் வைத்து, 240,000 வெள்ளிக்கு இரண்டாவது பொரிப்பான். உற்பத்தி கூடினால் பொட்டலத்துக்கான செலவு குறையும் என்பது அவர் கணக்கு.

கணக்கேட்டில் நிலைமை தெளிவாகவே இருந்தது. பேரங்காடிக்கு மாதம் சராசரி 62,000 வெள்ளிக்கு விலைச்சீட்டு போகிறது. அதில் 19 விழுக்காடு சரக்குத் திரும்பி வருகிறது. சலுகை, தள்ளுபடி என்று இன்னொரு 6,200 கழிகிறது. கைக்கு வருவது சுமார் 44,000. செய்து அனுப்ப ஆகும் செலவு 53,000. மாதம் 9,000 நட்டம். வங்கித் தவணை 5,900ஐ இதில் சேர்க்கவே இல்லை. அந்த நட்டத்தைக் கடையின் கைமுறுக்கு தாங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கணக்கை மகள் ஏற்கெனவே இரண்டு முறை கூட்டத்தில் காட்டியிருக்கிறார். தகவல் இல்லாததால் வந்த பிரச்சினை இல்லை இது. அந்தத் தகவல் அறைக்குள் வந்த பிறகு அதற்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நான் கவனித்த முதல் விஷயம், அண்ணனின் திறமை. மறைத்து வைத்த ஆறு மாதிரிகளைக் கொடுத்து, எது பழைய எண்ணெயில் பொரித்தது, எது நெடுநேரம் வைத்திருந்த மாவு என்று கேட்டேன். வாயில் போடக்கூட இல்லை, உடைத்து மோந்தே சொன்னார். ஒன்றில்கூடத் தவறவில்லை. ஆனால் இதே மனிதர் பேரங்காடி விற்பனையைப் பற்றி 2022இல் சொன்ன மூன்று கணிப்புகளும் தப்பு. குறிப்பேட்டில் மகள் எழுதி வைத்திருந்ததால்தான் அது தெரிந்தது.

1970களிலிருந்து மனிதக் கணிப்பின் பிழைகளை ஆராய்ந்து, பொருளியலுக்கான 2002 நோபல் பரிசில் பங்கு பெற்ற டேனியல் கானமன் ஒரு பக்கம். தீயணைப்புத் தலைவர்கள் போன்றோரின் கைவந்த உள்ளுணர்வை வியந்து ஆராய்ந்த கேரி கிளைன் மறுபக்கம். எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த இந்த இருவரும் 2009இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனை வேண்டும் என்பது அவர்கள் வந்து சேர்ந்த இடம்: அந்தத் துறையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், சரியா தப்பா என்ற பதில் தெளிவாகத் திரும்பி வந்து, அதிலிருந்து கற்றுக்கொள்ள நெடுநாள் வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டியில் இரண்டும் உண்டு. மாவு கெட்டியானால் இரண்டு நிமிடத்தில் முறுக்கு சொல்லிவிடும். பேரங்காடியில் இன்று அனுப்பிய சரக்கின் கதி, கடன் நாளும் திருப்பமும் கழிந்து நாலைந்து மாதம் சென்றுதான் தெரியும். அதற்குள் எண்ணெய் விலை, சம்பளம், பெருநாள் என்று பத்துக் காரணம் சேர்ந்துவிடும். சட்டி முன் கிடைத்த நம்பிக்கையை அண்ணன் அப்படியே ஒப்பந்த மேசைக்கும் எடுத்துப் போனார். சுற்றியிருந்தவர்களும் அதையே செய்தார்கள். முப்பது வருடம் சரியாகச் சொன்னவர் இதிலும் சரியாகத்தானே சொல்வார்!

இரண்டாவது, ஞாபகம். "எண்ணெய் ஏறும்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் அண்ணன். குறிப்பேட்டில் அப்படி ஒன்றுமில்லை. "இல்லப்பா, எழுதியிருக்கு பாருங்க" என்று மகள் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அண்ணன் பொய் சொல்லவில்லை. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத்துக்கும் போவதற்கு முன், அங்கே என்னென்ன நடக்கலாம் என்று பலரிடம் கணிப்புக் கேட்டு வைத்து, பயணம் முடிந்த பிறகு 'முன்பு என்ன சொன்னீர்கள்' என்று பரூக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும் கேட்டார்கள். நடந்துவிட்டவற்றுக்குத் தாங்கள் கொடுத்த வாய்ப்பைக் கூட்டியே நினைவு வைத்திருந்தார்கள். தப்பான கணிப்பு இப்படி ஞாபகத்தில் திருத்தப்பட்டுவிட்டால், அடுத்த முறை அதிலிருந்து கற்க எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது, கூட்டம் நடந்த விதம். அண்ணன் பேசி முடித்த பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். பிஸ்கட் ஆலையிலிருந்து வந்திருந்த உற்பத்தி மேலாளர் தனியே என்னிடம் சொன்னதும் கூட்டத்தில் சொன்னதும் வேறு வேறு. 1950களில் சாலமன் ஆஷ் நடத்திய கோடு அளக்கும் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும்: சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் தப்பான விடை சொன்னால், முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கண்ணெதிரே தெரிவதை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் போதும், இப்படி வளைவது பெரிதும் குறைந்தது. அதெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் நடுவே நடந்தது. சம்பளம் தருகிறவரும் மூத்தவருமான அண்ணன் முன்னால் என்ன நடக்கும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

நிறுத்த முடியாதது ஏன்

போட்ட பணம் போனதுதான், இனி போடப்போவதை மட்டும் பார்க்க வேண்டும் என்று பொருளியல் சொல்கிறது. மனிதர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. 1985இல் ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் புளூமரும் ஒஹாயோவில் ஒரு நாடக அரங்கின் பருவச் சீட்டு வாங்கியவர்களில் சிலருக்கு, ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், தள்ளுபடி கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் ஒன்றுதான், கொடுத்த காசுதான் அவர்களை நகர்த்தியது.

ஆனால் இந்த நிகழ்வுக்கு நெருக்கமானது 1976இல் பேரி ஸ்டா செய்த ஆய்வு. வணிகவியல் மாணவர்களிடம் ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பணத்தை இரண்டு சுற்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். முதல் சுற்றில் தாங்களே தேர்ந்தெடுத்த பிரிவு சரிந்துபோனது என்று தெரிந்தவர்கள்தான் இரண்டாம் சுற்றில் அதே பிரிவுக்கு மிக அதிகமாகக் கொடுத்தார்கள். முதல் தேர்வை வேறொருவர் செய்திருந்தால் கை அவ்வளவு தாராளமாக நீளவில்லை. போன பணத்தைவிட, 'நான் எடுத்த முடிவு' என்பது கனமாக இழுக்கிறது.

இன்டெல் நிறுவனத்தின் கதையை அண்ணனிடம் சொன்னேன். 1985இல் நினைவகச் சில்லு வியாபாரம் நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, ஆண்டி குரோவ் கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மைத் தூக்கிவிட்டுப் புதிய தலைவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? நினைவகத்தை விட்டு வெளியே வருவார் என்றார் மூர். அப்படியானால் நாமே கதவுக்கு வெளியே போய்த் திரும்பி வந்து அதைச் செய்தால் என்ன என்றார் குரோவ். அண்ணன் கேட்டுவிட்டுச் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "புதுசா வர்றவனுக்கு என்ன தம்பி, பொட்டலத்துல இருக்கிறது அவன் பேரு இல்லையே." திறப்பு விழாவுக்குச் சொந்தக்காரர்கள், கோயில் கமிட்டியார், பக்கத்துத் தொழிற்கூடத்துச் சீன முதலாளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். இயந்திரத்துக்கு மாலை போட்ட படம் அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தது. விற்றுவிட்டால் அந்தப் படத்தை என்ன செய்வது? அவருக்கு இது உண்மையான கேள்வி. இதை 'பிழையான சிந்தனை' என்று சொல்லித் தட்டிவிடுகிற ஆலோசகர் அந்த அறையில் அதற்கு மேல் எதையும் நகர்த்த முடியாது என்பது என் அபிப்பிராயம்.

சிந்தனை இப்படி ஒரு பக்கம் சாயும் இந்தச் சார்புகளின் பெயர்களை ஹோட்டல் மண்டபங்களில் வகுப்பாக எடுக்கிறார்கள். பெயர் தெரிந்துவிட்டால் விடுபட்டுவிடலாம் என்றால் நல்லதுதான். கானமனே தன் உள்ளுணர்வு இத்தனை ஆண்டு ஆராய்ச்சியால் பெரிதாகத் திருந்தவில்லை என்று எழுதியவர். அதனால் இங்கே யாருக்கும் பாடம் நடத்தவில்லை. முடிவெடுக்கும் முறையை மட்டும் மாற்றினோம்.

2023 மார்ச்: எடுத்த முடிவுகள்

முதலில் அடமானப் பேச்சை நான்கு மாதத்துக்கு நிறுத்தி வைத்தோம். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பேசுவதற்கு ஒரு தேதி வைத்தோம். வேண்டாம் என்றிருந்தால் அண்ணன் அதையே பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்.

அடுத்து, கிளைன் பரிந்துரைத்த 'ப்ரீமார்ட்டம்'. திட்டம் தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் காரணம் சொல்ல வேண்டும். வாய்மொழியாகச் செய்த முதல் முயற்சி படுதோல்வி. "அபசகுனமா எதுக்கு அண்ணே இதெல்லாம்" என்றார் தம்பி, மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க அலுவலகத்துக்காக யோசித்த முறை செகாம்புட்டில் அப்படியே நடக்கவில்லை. பிறகு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினோம், பெயர் போடாமல். படித்தது நான். அடுப்படி அக்கா, லோரி ஓட்டுநர் உட்பட எல்லாரும் எழுதினார்கள். அக்கா சொல்லச் சொல்ல மகள் எழுதினார்.

இத்தனை மாதமாகத் தேடியது அந்தச் சீட்டுகளில் இருந்தது. தேங்காய்ப்பால் சேர்த்த மாவு இயந்திரத்தின் தொட்டியில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால் புளிக்க ஆரம்பிக்கிறது. அதில் பொரித்தது சீக்கிரம் வாடை அடிக்கிறது. கலவை இயந்திரமும் வடிகட்டியும் நைட்ரஜனும் இதைத் தொடவே இல்லை. லோரி ஓட்டுநரின் சீட்டில், கிடங்கில் நம் பெட்டிகளுக்கு மேல் பானப் பெட்டிகளை அடுக்குகிறார்கள், பாதி அங்கேயே உடைகிறது என்று இருந்தது. "ஏன்க்கா முன்னாடியே சொல்லல?" என்று மகள் கேட்டதற்கு, "கேட்டாத்தானம்மா சொல்றதுக்கு" என்றார் அக்கா.

மூன்றாவதாக, அடுத்த ஆறு மாதத்தில் பேரங்காடி வியாபாரம் மொத்தத்தில் என்ன தரும் என்று அண்ணன், தம்பி, மகள், மேலாளர் நால்வரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதினார்கள். அண்ணன் 180,000 லாபம், தம்பி 60,000, மேலாளர் 25,000. மகள் 40,000 நட்டம். தாள்களை மேசையில் பரப்பியபோது நெடுநேரம் யாரும் பேசவில்லை. ஒரே தொழிற்கூடம், ஒரே கணக்கேடு. இவ்வளவு நாளாக எல்லாரும் ஒரே எண்ணத்தில் இருப்பதாக அண்ணன் நினைத்திருந்தார்.

கடைசியாக, நிறுத்தக் கோடு. மூன்று வழிகள் மேசையில் இருந்தன: உடனே மூடி இயந்திரத்தை விற்பது (நல்ல விலை போனாலும் 150,000தான்), அடமானம் வைத்து விரிவாக்குவது, இருப்பதைக் கொண்டு இன்னும் சில மாதம் பார்ப்பது. மாவுப் பிரச்சினை அப்போதுதான் தெரிந்திருந்ததால் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் எல்லை போட்டு. ஜூலை மாதக் கணக்கில் திரும்பி வரும் சரக்கு 8 விழுக்காட்டுக்குள் வர வேண்டும், வங்கித் தவணையைச் சேர்க்காத நட்டமும் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பேரங்காடிக்கு முறுக்கு நிறுத்தம். 8 என்பது மகள் கணக்கிட்ட எண். ஏறக்குறைய அங்கேதான் வரவும் செலவும் சமமாகின்றன. மார்ச்சில் தெரியாத புதுச் செய்தி ஏதாவது வந்தால் மட்டும் கோட்டை நகர்த்தலாம் என்றும் எழுதி, நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே போட்டார். ஜூலை வரைக்கும் தேவைப்படாது என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது.

ஜூலைக் கணக்கு

இந்த நிகழ்வில் கடினமான இடம் இதுதான். ஏனென்றால் நிலைமை தேறியிருந்தது. மாவைச் சிறு சிறு பாகமாகப் பிசையத் தொடங்கினார்கள், பெட்டியை மாற்றினார்கள். திரும்பி வரும் சரக்கு 19இலிருந்து 11 விழுக்காடானது. மாத நட்டம் 9,000இலிருந்து 2,500 ஆனது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் கூடினோம். "எட்டுக்கும் பதினொண்ணுக்கும் என்னப்பா பெரிய வித்தியாசம்? மூணு மாசம் கொடுங்க, தீபாவளியோட சரியாயிடும்" என்றார் அண்ணன். தம்பி அவர் பக்கம் சாய்ந்தார். உண்மையைச் சொன்னால், அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மேலே ஏறிக்கொண்டிருக்கும் கோட்டை நடுவில் வெட்டுவது முட்டாள்தனமாகவே தோன்றும்.

மகள் இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார். தேறிய 6,500இல் சுமார் 1,500 எண்ணெய் விலை இறங்கியதால் வந்தது. அது நம் கையில் இல்லை. மீதி, மாவைச் சிறு பாகமாகப் பிசைந்ததாலும் பெட்டியை மாற்றியதாலும் வந்தது, இரண்டும் முழுதாக அமலாகிவிட்டன. அதற்கு மேல் குறைக்க என்ன செய்யப்போகிறோம் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. பிறகு தாளில் இருந்த கேள்விக்கு வந்தோம்: மார்ச்சில் தெரியாத புதுச் செய்தி என்ன? இருந்தது ஒன்றே ஒன்று. இன்னும் இரண்டு மாநிலக் கிளைகளுக்கும் சரக்கு எடுக்கப் பேரங்காடி தயாராக இருந்தது. அண்ணனுக்கு அது பெரிய செய்தி. ஆனால் பொட்டலத்துக்குப் பொட்டலம் நட்டம் வரும்போது அதிகம் விற்றால் அதிக நட்டம். போதாததற்கு லோரிப் பயணமும் நீளும், உடையும்.

தம்பி தாளை வாங்கி ஒருமுறை படித்தார். "நாமதானே அண்ணே கையெழுத்துப் போட்டோம்" என்றார். அண்ணன் முன்னால் அவர் மறுத்துப் பேசியதை அன்றுதான் பார்த்தேன் என்று மகள் பிற்பாடு சொன்னார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாள் காலை மகளைக் கூப்பிட்டு, "கடிதத்தை அனுப்பிடும்மா" என்றார்.

பின்விளைவு

60 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, அக்டோபரில் கடைசிச் சரக்குப் போனது. திரும்பி வந்த சரக்குக்கான கழிப்புகள் ஜனவரி வரை வந்துகொண்டிருந்தன. பட்டியல் கட்டணம் போனது போனதுதான். பொட்டலம் கட்டுமிடத்தில் இரண்டு பேருக்கு வேலை இல்லாமல் போனது. உற்பத்தி மேலாளர் 2024 தொடக்கத்தில் விலகினார்.

இயந்திரத்தை விற்கவில்லை. தேங்காய்ப்பால் சேராத ஓமப்பொடியும் மிக்சருக்கான சேவும் அதில் நன்றாக வந்தன. அவற்றை மளிகைக் கடைகளுக்கும் கச்சாங் பூத்தே (கடலையும் சேவும் கலந்த கொறிப்புப் பலகாரம்) கலப்பவர்களுக்கும் மூட்டையாக, கைக்காசுக்கு விற்கிறார்கள். லாபம் மெலிசு, ஆனால் சரக்குத் திரும்பி வருவதில்லை. ஈப்போ புந்தோங்கிலிருந்து வரும் சரக்கோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. அங்கே இதே தொழிலில் ஊறியவர்கள் இருக்கிறார்கள். 2024 இறுதியில் வங்கித் தவணையை இந்த வியாபாரமே கட்டிக்கொண்டது. 2023 நவம்பர் 12 தீபாவளிக்குக் கைமுறுக்கை மட்டும், எடுத்த ஆர்டருக்கு அளவாகச் செய்தார்கள். கடைவீடு அடமானத்துக்குப் போகவில்லை.

அப்பாவுக்கும் மகளுக்கும் சில மாதம் பேச்சு குறைவு. அண்ணன் கூட்டங்களுக்கு வருவதையே விட்டிருந்தார். பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: மாவு, எண்ணெய், ருசி, யாரை அடுப்படிக்கு எடுப்பது எல்லாவற்றிலும் அவர் சொல்வதே முடிவு, கேள்வி இல்லை. ஒப்பந்தம், கடன், இயந்திரம் என்றால் நால்வரும் எழுதிக் கொடுத்த பிறகே பேச்சு. விலகிய மேலாளரின் இடத்தில் இப்போது அக்கா.

நிறுத்தியது சரியா என்பதை விளைவை வைத்துச் சொல்ல முடியாது. இன்னும் மூன்று மாதம் கொடுத்திருந்தால் 8 விழுக்காடு வந்திருக்கலாம். நல்லபடியாக முடிந்த முடிவை நல்ல முடிவு என்றும், கெட்டபடியாக முடிந்ததைக் கெட்ட முடிவு என்றும் மதிப்பிடும் பழக்கத்தை 1988இல் ஜொனாதன் பேரனும் ஜான் ஹெர்ஷியும் சோதனைகளில் காட்டினார்கள். அந்தப் பழக்கம் இந்த நிகழ்வைப் படிப்பவர்களுக்கும் வரும். அன்றைக்குக் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால், வீட்டைப் பணயம் வைக்கத் தக்க காரணம் இல்லை. இவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இன்னொரு முறை என்றால்

நிறுத்தக் கோட்டைப் போட வேண்டிய நேரம் 2023 மார்ச் இல்லை. 2021இல், இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன். அப்போது யாருடைய மானமும் அதில் ஏறியிருக்கவில்லை. பேரங்காடிக்குச் சரக்குப் போட்டு விலகிய ஒன்றிரண்டு பலகாரக்காரர்களை அன்றே போய்ப் பார்த்திருந்தால், திரும்பி வரும் சரக்கின் அளவாவது தெரிந்திருக்கும். 'பேரங்காடிக்குப் போகலாமா', 'முறுக்கை இயந்திரத்தில் செய்யலாமா' என்ற இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டியதும் சிக்கலுக்கு ஒரு காரணம். இரண்டாவதை வாடகை இயந்திரத்தில் ஒரு மூட்டை மாவோடு சோதித்துப் பார்த்திருக்கலாம். அதற்கு அக்கா பக்கத்தில் இருந்தால் போதும்.

சீட்டு எழுதுவதிலும் ஒரு குறை உண்டு. சிறிய தொழிற்கூடத்தில் யார் எழுதியது என்பதைக் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அடுத்த முறை மகள் எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் பிரதி எடுத்துத் தருவதாக ஏற்பாடு. ஆறு மாதக் கணிப்புகளை இப்போது உறையில் போட்டு ஒட்டி வைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது "அப்பவே சொன்னேன்" என்பதற்கு இடமிருக்காது. முதல் உறையைத் திறந்தபோது மிகவும் தப்பியிருந்தது மகளின் எண். சேவு வியாபாரத்தை அவர் ரொம்பக் குறைத்துப் போட்டிருந்தார், அண்ணன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானதும், பொட்டலம் கட்டும் வேலைக்கு இன்னொரு இயந்திரம் வாங்கலாமா என்ற பேச்சு எழுந்தது. இந்த முறை யோசனை தம்பியுடையது. நான்கு தாள்கள் வந்துவிட்டன, நிறுத்தக் கோடு இன்னும் எழுதப்படவில்லை. அது எழுதாமல் முன்பணம் போகாது என்கிறார் மகள்.